சில்லறையிலேயே 29 ஒலிம்பிக் காசையும் தேடிப் புடிக்கிறது எப்படி? லண்டன் 2012 50 பென்ஸ் முழு வழிகாட்டி

சின்ன வயசுல ஊர்ல பூவா தலையா போட்டதோட சரி, காசோட பூ பக்கத்துல என்ன இருக்குன்னு நான் ஒழுங்கா பார்த்ததே இல்லீங்க. லண்டன் வந்து ஒரு கடையில டில்லுல, அதாவது கல்லாவுல, நிக்க ஆரம்பிச்சப்போ ஒரு நாள் ஒரு பெரியவர் சிகரெட்டுக்கு சில்லறையா எண்ணிக் கொடுத்தாரு, அதுல ஒரு 50 பென்ஸ்ல ஏதோ பள்ளிக்கூட ஜாமெட்ரி நோட்டு மாதிரி கோடும் அம்புக்குறியும் இருந்துச்சு, என்னடா இதுன்னு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தேன். பக்கத்துல நின்ன அண்ணன் எட்டிப் பார்த்துட்டு, "டேய், அத உள்ள போடாத, உன் பாக்கெட்லருந்து ஒரு அம்பது பென்ஸ போட்டுட்டு அத எடுத்துக்கோ"ன்னாரு. அதுதான் ஃபுட்பால் காசு. 29 காசுலயே கம்மியா அடிச்சது எனக்கு முதல் காசா வந்துருக்குன்னு அப்போ தெரியாது, தெரிஞ்சதும் பைத்தியம் புடிச்சுருச்சு.

அதுலருந்து கத்துக்கிட்டதெல்லாம் சேர்த்து எழுதுறேன். இது முதலீடு டிப்ஸ் இல்ல, இத வச்சு வீடு வாங்கலாம்னு யாராவது சொன்னா அங்கயே எழுந்து வந்துருங்க.

முதல்ல இது என்ன காசுன்னு தெரிஞ்சுக்கோங்க

2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக ராயல் மின்ட், அதாவது இங்க காசு அடிக்கிற அரசு ஆலை, 29 டிசைன்ல 50 பென்ஸ் அடிச்சாங்க, ஒலிம்பிக்ஸும் பாராலிம்பிக்ஸும் சேர்த்து ஒரு விளையாட்டுக்கு ஒரு காசு. மின்ட் இருக்கிறது லண்டன்ல இல்ல, வேல்ஸ்ல லான்ட்ரிசன்ட்ங்கிற ஊர்ல. டிசைன்களப் பொதுமக்கள்கிட்ட போட்டி வச்சு வாங்குனாங்க, எனக்கு இந்த செட்ல ரொம்பப் புடிச்சதே அதுதான், பெரிய பெரிய சிற்பிங்க பேர் மட்டும் இருக்கிற இடத்துல ஸ்டூடண்ட், ஸ்போர்ட்ஸ் ஜர்னலிஸ்ட்னு யார் யாரோ வரைஞ்சிருக்காங்க. அத்லெடிக்ஸ் காசு, உயரம் தாண்டுறவர் படம் போட்டது, அத வரைஞ்சது ஃப்ளாரன்ஸ் ஜாக்ஸன்னு ஒரு சின்னப் பொண்ணு, பிபிசியோட ப்ளூ பீட்டர்ங்கிற சின்னப் பசங்க நிகழ்ச்சி நடத்துன போட்டியில ஜெயிச்சப்போ ஒன்பது வயசு. நம்ம ஒன்பது வயசுல வரைஞ்சது ரெண்டு மலை நடுவுல சூரியன் மட்டும்தான்.

நான் சொன்ன ஃபுட்பால் காச வரைஞ்சவர் நீல் வுல்ஃப்ஸன், அவர் ஸ்போர்ட்ஸ் ஜர்னலிஸ்ட், ஆஃப்சைட் ரூல படமாப் போட்டு விளக்கிருக்காரு. காசு மேல ஆஃப்சைட் ரூல். அது வெளியே வந்தப்போ அந்தப் படம் சரியா தப்பான்னே இங்க ஒரு விவாதம் ஓடுச்சு.

இன்னொண்ணு, நிறைய பேர் ஏமாறுற இடம். காசுல 2012னு வருஷம் தேடாதீங்க. புழக்கத்துக்கு வந்த 29லயும் ராணி தலை பக்கம் 2011னுதான் இருக்கும். பூ பக்கத்துல அந்த உடைஞ்ச கண்ணாடி மாதிரி இருக்குமே லண்டன் 2012 லோகோ, அது இருக்கும், கீழ 50 பென்ஸ்னு எழுதியிருக்கும். வருஷத்தப் பார்த்துட்டு "இது ஒலிம்பிக்ஸ் வருஷம் இல்லையே"ன்னு ஒருத்தர் ஜூடோ காச எனக்கே திருப்பிக் கொடுத்தாரு, நான் ஒண்ணும் சொல்லாம வாங்கி வச்சுக்கிட்டேன்.

இதுக்கு ஒரே விதிவிலக்கு அதே சின்னப் பொண்ணோட அத்லெடிக்ஸ் காசு. அதுல 2009னு வருஷம் போட்ட ஒரு வெர்ஷன் இருக்கு, அது பேக்கெட்ல வச்சு வித்தது, இருபதாயிரம் கிட்டதான் போச்சு. அது டில்லுல வரும்னு காத்திருக்காதீங்க, வந்தா யாரோ வீட்டுப் பிள்ளை பேக்கெட்ட பிரிச்சு மிட்டாய் வாங்கிருக்குன்னு அர்த்தம்.

எது கஷ்டம் எது ஈஸி

எல்லாம் சேர்த்து அஞ்சு கோடி காசுக்கு மேல அடிச்சிருக்காங்க. அதனால "அரிய காசு"ன்னு பேச்சு வந்தா கொஞ்சம் சிரிச்சுட்டுக் கேளுங்க. ஆனா 29லயும் சமமா அடிக்கல, விளையாட்டே அங்கதான் இருக்கு.

நாலு காசு 12 லட்சத்துக்குக் கீழ. ஃபுட்பால் 11,25,500, ரெஸ்லிங் 11,29,500, ஜூடோ 11,61,500, ட்ரையத்லான் 11,63,500. இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி டில் பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க, செட் முடிக்கிறது முடிக்காததெல்லாம் இதுங்க கையிலதான் இருக்கு. அதுக்கு அடுத்து டென்னிஸ், 14,54,000. அப்புறம் கோல்பால், ஷூட்டிங், டேக்வாண்டோ, ஹேண்ட்பால், மாடர்ன் பென்டத்லான் எல்லாம் 16 லட்சத்துல வரிசையா நிக்கும். அந்தப் பக்கம் கடைசியில ஆர்ச்சரி, 33,45,500, அதாவது ஒரு ஃபுட்பால் காசுக்கு மூணு ஆர்ச்சரி. வில்ல இழுத்துட்டு நிக்கிற ஆள பார்த்தாலே எனக்கு இப்போ அலுப்பா இருக்கு.

முழு லிஸ்ட் வேணும்ல, டிக் அடிச்சுக்க, இதோ: அக்வாட்டிக்ஸ், ஆர்ச்சரி, அத்லெடிக்ஸ், பேட்மின்டன், பாஸ்கெட்பால், போச்சா, பாக்ஸிங், கனூயிங், சைக்ளிங், குதிரையேற்றம், ஃபென்ஸிங், ஃபுட்பால், கோல்பால், ஜிம்னாஸ்டிக்ஸ், ஹேண்ட்பால், ஹாக்கி, ஜூடோ, மாடர்ன் பென்டத்லான், ரோயிங், செய்லிங், ஷூட்டிங், டேபிள் டென்னிஸ், டேக்வாண்டோ, டென்னிஸ், ட்ரையத்லான், வாலிபால், வெயிட்லிஃப்டிங், வீல்சேர் ரக்பி, ரெஸ்லிங்.

படம் பார்த்துக் கண்டுபிடிக்கறதுல ஜூடோ, ரெஸ்லிங், டேக்வாண்டோ மூணும் அவசரத்துல குழப்பும், மூணுலயும் ரெண்டு பேர் மல்லுக்கட்டுறாங்க. ஜூடோவுல ஒருத்தர் இன்னொருத்தர தூக்கிப் போடுவாரு, டேக்வாண்டோவுல ரெண்டு பேரும் நின்னுட்டு உதைப்பாங்க, ரெஸ்லிங்ல ஸ்டேடியத்துக்குள்ள ரெண்டு பேர் கட்டிப் புடிச்சிருப்பாங்க. ட்ரையத்லான் ஈஸி, ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூணு உருவமும் ஒரே காசுல இருக்கும். செய்லிங் காசுல படகுக்குப் பின்னாடி வேமத் கடற்கரை மேப் இருக்கும், பாய்மரப் போட்டி நடந்தது அங்கதான், அழகா இருக்கும் அது, விலை இல்லாட்டியும் வச்சுக்கோங்க.

கலந்துக்கக் கூடாத காசுங்க

2014 க்ளாஸ்கோ காமன்வெல்த் கேம்ஸுக்கும் ஒரு 50 பென்ஸ் வந்துச்சு, 65 லட்சம். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் சமயத்துல டீம் ஜிபின்னு (பிரிட்டன் அணியோட பேர்) எழுதி நீச்சல்காரர் படம் போட்டு ஒண்ணு, 64 லட்சம். இந்த 2016 காசப் பார்த்து அக்வாட்டிக்ஸ்னு நினைச்சு ஆல்பத்துல சொருகிட்டு "எனக்கு அக்வாட்டிக்ஸ் கிடைச்சுருச்சு"ன்னு ஆறு மாசம் நிம்மதியா இருந்தவன் நான். லண்டன் லோகோ இருக்கான்னு பாருங்க, அவ்ளோதான் டெஸ்ட்.

அக்வாட்டிக்ஸ்னதும் அந்தக் கதையும் சொல்லிடறேன். முதல்ல போட்ட டிசைன்ல தண்ணி அலைக் கோடுங்க நீச்சல்காரரோட முகத்து மேலயும் ஓடுச்சு, அப்புறம் முகம் தெளிவா தெரியணும்னு முகத்து மேல இருந்த கோட எடுத்துட்டு மறுபடி அடிச்சாங்க. அதுக்குள்ள பழைய டிசைன்ல கொஞ்சம் வெளியே போயிருச்சு. அந்த காசு ஆயிரம் பவுண்டுக்கு மேல வித்திருக்கு. உடனே எல்லாரும் தன் அக்வாட்டிக்ஸ லென்ஸ் வச்சுப் பார்க்குறாங்க, பாருங்க, தப்பில்ல, ஆனா சாதாரண காசுலயே முகத்தச் சுத்தி, உடம்பு பக்கத்துல எல்லாம் கோடு இருக்கும், முகத்து மேலயே குறுக்கால போனாதான் அது. தினமும் "என்கிட்ட இருக்கு"ன்னு ஆன்லைன்ல போட்டோ போடுறவங்க காசெல்லாம் நான் பார்த்த வரைக்கும் சாதாரண காசுதான்.

தேடுறது எப்படி

கடையில வேலை பார்க்குறவங்களுக்கு வாசல்லயே கிணறு. ஆனா ஒரு விஷயம், முதலாளிகிட்ட முதல்லயே சொல்லிருங்க, டில்லுல இருந்து காச எடுத்துட்டு உங்க காசப் போடுறத சிசிடிவில பார்த்தா அவருக்கு அது வேற மாதிரி தெரியும். கணக்கு ஒரு பென்ஸ் குறையலன்னாலும் பேச்சு வரும். நான் ஷிஃப்ட் முடிஞ்சு டில் எண்ணும்போது மட்டும்தான் மாத்துவேன், அவர் கண்ணு முன்னாடியே.

கடையில இல்லாதவங்களுக்கு பேங்க் பை. இங்க 50 பென்ஸ் பைன்னா 10 பவுண்டு, 20 காசு. ஒரு காசு 8 கிராம், அப்போ பை 160 கிராம், பேங்க்ல எண்ண மாட்டாங்க, எடை போட்டுத்தான் பார்ப்பாங்க. உங்க அக்கவுண்ட் இருக்கிற பிராஞ்ச்ல போய் அஞ்சு பை கேளுங்க, வீட்டுக்கு வந்து கொட்டித் தேடுங்க, மிச்சத்த திரும்ப 20 20ஆ பையில போட்டு வேற பிராஞ்ச்ல கட்டுங்க. அதே பிராஞ்ச்ல கட்டுனா அடுத்த தடவ உங்க பையே உங்களுக்குத் திரும்பி வரும், எனக்கு வந்திருக்கு, நான் போட்ட ரப்பர் பேண்டோட. கவுண்டர்ல கூட்டமா இருக்கிற மதியம் போகாதீங்க, பின்னாடி நிக்கிறவங்க முறைக்குறது தாங்காது.

ஒரு எதிர்பார்ப்பு மட்டும் சரி பண்ணிக்கோங்க. இது வந்தது 2011ல, அதுக்கப்புறம் நிறைய பேர் எடுத்து டப்பாவுல போட்டுட்டாங்க, இங்க கார்டு தட்டித்தான் பாதிப்பேர் வாங்குறாங்க, காசு சுத்துறதே கம்மியாயிருச்சு. நாலு பை பிரிச்சும் ஒரு ஒலிம்பிக் காசு கூட வராத ராத்திரி இருக்கு, எல்லாம் கேடயத்தோட அடிமுனை போட்ட சாதா 50 பென்ஸ், இல்ல பிரிட்டானியாங்கிற பெண் உருவம் போட்ட பழைய காசு. அடுத்த நாள் பஸ்ல ஒருத்தர்கிட்ட வாங்குன சில்லறையில ட்ரையத்லான் வரும். சில்லறை போட்டு ஓடுற லாண்டரி, கார் வாஷ், இதெல்லாம் வச்சிருக்கிறவங்க தெரிஞ்சவங்களா இருந்தா அவங்கள பழகி வச்சுக்கோங்க, டீ வாங்கிக் கொடுங்க, பேங்க்க விட அது நல்ல ஊத்து.

ஒரிஜினலா போலியா

சில்லறையில வர்றதுல போலி கம்மி, ஆன்லைன்ல வாங்குறதுல ஜாஸ்தி. நான் ஒரு ஜூடோவ சீப்பா கிடைக்குதேன்னு ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன், வந்ததும் கையில எடுத்தவுடனே ஏதோ சரியில்ல, சோப்பு மாதிரி வழுவழுன்னு ஒரு ஃபீல், தராசுல வச்சா 8 கிராம் பக்கத்துலயே வரல. ஆள் அக்கவுண்ட மூடிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் நான் பண்றது இதுதான்.

நகை எடை போடுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிக்கோங்க. ஒரிஜினல் 8 கிராம், தேய்ஞ்சிருந்தா பாயிண்ட்ல கொஞ்சம் குறையலாம், அவ்ளோதான். அடுத்து காந்தம். இந்த 50 பென்ஸ் முக்கால் பங்கு செம்பு கால் பங்கு நிக்கல், காந்தத்துல ஒட்டாது, ஒட்டுனா தூக்கிப் போடுங்க. காந்தம் வேலை செய்யுதான்னு பார்க்க 2012 அல்லது அதுக்கப்புறம் வந்த 10 பென்ஸ்ல வச்சுப் பாருங்க, அது ஸ்டீல் மேல நிக்கல் பூசினது, டக்குனு ஒட்டும்.

மூணாவது எனக்குப் புடிச்சது, அளவு. ஸ்கூல் லேப்ல வெர்னியர் காலிப்பர் புடிச்சு மார்க் போனது ஞாபகம் இருக்கா, அது இப்போ உதவுது. இந்தக் காசுக்கு ஏழு பக்கம், ஆனா பக்கம் நேர்கோடு இல்ல, லேசா வளைஞ்சிருக்கும், அதனால எப்படித் திருப்பி அளந்தாலும் அகலம் ஒண்ணுதான், 27.3 மில்லிமீட்டர். வட்டமா இல்லாமலே வட்டம் மாதிரி உருளும், வெண்டிங் மெஷின் ஏத்துக்கிறதே இதனாலதான். 1969ல பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பதிலா இந்த வடிவத்த கொண்டு வந்தாங்க, அப்போ பெருசு, 13.5 கிராம், 1997லதான் சின்னதாக்குனாங்க. போலி அடிக்கிறவன் இந்த வளைவ சரியா பண்றதில்ல, காலிப்பர்ல வச்சு மெதுவா சுத்துங்க, அளவு ஆடுச்சுன்னா சந்தேகப்படுங்க.

கடைசியா, ராணி தலை நேரா இருக்கிற மாதிரி புடிச்சு பக்கவாட்டுல திருப்புங்க, பின்பக்கப் படமும் நேரா நிக்கணும். ராணி கழுத்துக்குக் கீழ இருக்கிற சின்ன எழுத்து, தலைமுடி கோடு இதெல்லாம் மொழுக்குன்னு இருந்தா காசு தேய்ஞ்சிருக்கணும், தேயாம பளபளன்னு இருந்துட்டு மொழுக்குன்னும் இருந்தா அது அச்சுல ஊத்துனது.

கலர் அடிச்சது, தங்க முலாம் பூசினதுன்னும் விக்குறாங்க, அதெல்லாம் வெளியே யாரோ சாதா காச வாங்கி பண்றது. மின்ட் தனியா வெள்ளியில ஒரு செட் விட்டிருக்கு, அது வேற, டப்பா சர்டிஃபிகேட்டோட வரும். கலர் அடிச்ச காசுக்கு சேகரிக்கிறவங்ககிட்ட மரியாதை கிடையாது, பெயின்ட் அடிச்ச பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி.

தயவுசெஞ்சு விளக்காதீங்க

இதத் தனியா சொல்லணும், ஏன்னா நம்ம வீட்டுல இது ரத்தத்துலயே இருக்கு. என் முதல் ஃபுட்பால் காசு, அந்தப் பெரியவர் கொடுத்தது, கொஞ்சம் கறுத்துப் போயிருந்துச்சு. ஊர்லருந்து வந்திருந்த அம்மா அதப் பார்த்துட்டு "என்னடா இவ்ளோ அழுக்கா வச்சிருக்க"ன்னு புளி போட்டு தேச்சு, அப்புறம் விபூதி வச்சு ஒரு துடை துடைச்சு, பூஜை சாமான் மாதிரி பளிச்னு எடுத்து வச்சிருந்தாங்க. பாசத்துல பண்ணது, என்ன சொல்ல முடியும். ஆனா லென்ஸ்ல பார்த்தா மேல பூரா சன்னமா கீறல், சேகரிக்கிறவன் பார்த்தவுடனே கண்டுபிடிச்சுருவான், பாதி விலை கூட கொடுக்க மாட்டான். கறுப்பு இருந்தா இருக்கட்டும். ஒட்டிக்கிட்டிருக்கிற பிசுக்கு போகணும்னா வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் ஊற வச்சு, மெத்துன துணில ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. எலுமிச்சை, வினிகர், டூத்பேஸ்ட், கோக், இதெல்லாம் வீடியோவுல பார்க்க மட்டும்.

வைக்கிறதுக்கு ஆல்பம் வாங்கும்போது பிவிசி இல்லாததான்னு கேட்டு வாங்குங்க, மலிவான மெத்துன பிளாஸ்டிக் கவர்ல வருஷக்கணக்கா வச்சா காசு மேல பச்சையா பசை மாதிரி படியும். காச ஓரத்துல புடிங்க. மின்டே இந்த 29க்கும் ஒரு ஆல்பம் வித்தாங்க, முழுசா முடிச்சவங்களுக்கு கம்ப்ளீட்டர் மெடாலியன்னு ஒண்ணு, அது காசு இல்ல, நடுவுல ஓட்டைய அடைக்கிற மெடல், ஆனா செட் விக்கும்போது அது இருக்கான்னு கேப்பாங்க.

விலை, மாத்துறது, விக்கிறது

ஒருத்தர் ஃபுட்பால் காச ஐயாயிரம் பவுண்டுக்குப் போட்டிருக்காருன்னு ஊர்லருந்து ஃபார்வர்டு வரும். போடுறதுக்கு யார் வேணும்னாலும் எவ்ளோ வேணும்னாலும் போடலாம், வித்துச்சான்னு பாருங்க. ஏலத் தளங்கள்ல வித்து முடிஞ்சத மட்டும் காட்டுற ஃபில்டர் இருக்கு, அதப் போட்டீங்கன்னா புழக்கத்துல இருந்த ஃபுட்பால் பத்து பவுண்டச் சுத்திதான் ஓடிட்டு இருக்கும், மத்த மூணு கஷ்டக் காசும் அதுக்கும் கீழ, சாதாரணமானது ஒண்ணு ரெண்டு பவுண்டு. அம்பது பென்ஸுக்கு இருபது மடங்கு நல்ல லாபம்தான், ஆனா தேடுன நேரத்த மணிக்கூலியா கணக்குப் போட்டுப் பார்க்காதீங்க, அழுகை வரும்.

அதனால வாங்குறத விட மாத்துறது மேல். உங்ககிட்ட ரெண்டு ஜூடோ இருந்தா ஒண்ணு கொடுத்து ஒரு ரெஸ்லிங் வாங்குங்க, அடிச்ச எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம், யாருக்கும் நஷ்டமில்ல. ஜூடோவுக்கு ரெண்டு ஆர்ச்சரி தர்றேன்னு யாராவது வந்தா கும்பிடு போட்டு அனுப்பிருங்க.

50 பென்ஸ்ல முடிச்சுட்டு அடங்கலன்னா ரெண்டு பவுண்டு பக்கம் போங்க, எண்ணிக்கை கம்மி, மவுசு ஜாஸ்தி. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் கேம்ஸுக்கு நாலு காசு, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, படம் ஒண்ணுதான், உள்ள இருக்கிற குட்டிக் கொடி மட்டும் மாறும். அதுல வட அயர்லாந்து 4,85,500தான் அடிச்சாங்க, ஃபுட்பால் காசுல பாதி கூட இல்ல. நான் அதக் கையில புடிச்சதே ஒரே ஒரு தடவ, அதுவும் வேற ஒருத்தரோடது.

தபால்ல அனுப்பும்போது காச சும்மா கவர்ல போட்டீங்கன்னா மெஷின்ல மாட்டி கவர் கிழியும், காசு எங்கயாவது விழும். ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு நாலு பக்கமும் டேப் போடுங்க, குலுக்குனா சத்தம் வரக்கூடாது, விலை கூடின காசுன்னா கையெழுத்து வாங்குற தபால்ல அனுப்புங்க. மிஞ்சிப் போன டபுள் காசெல்லாம் எப்பவும் போல செலவு பண்ணலாம், அது இன்னும் செல்லுற காசுதான், 50 பென்ஸ்ல 10 பவுண்டு வரைக்கும் சட்டப்படி செல்லும்.

எனக்கு ரெஸ்லிங்கும் டென்னிஸும் இன்னும் வரல. யார்கிட்டயாவது டபுள் இருந்தா சொல்லுங்க, ஆனா பதிலுக்கு ஆர்ச்சரி எடுத்துக்கறேன்னு சொல்றவங்களா பார்த்து சொல்லுங்க, பதினொண்ணு வச்சிருக்கேன், ஒரு நாய் சீண்ட மாட்டேங்குது.